கை தேர்ந்தவனும் காணி இழப்பான்

சென்ற காலபோக விதைப்புக்குச் சில நாட்கள் முன்னதாக, பாப்பாமோட்டையைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர் எம்மைத் தேடி மன்னாருக்கு வந்திருந்தார். வயது அறுபத்தைந்துக்குக் குறையாது. கையிலே ஒரு பொலித்தீன் பை. பையினுள்ளே நாலாக மடித்த காணி உறுதி. உறுதியோடு எம்மிடம் வருவோர் பெரும்பாலும் எல்லைத் தகராற்றோடு வருவர். அல்லது இடப்பெயர்வின்போது மூலப்பிரதி தொலைந்துபோன கதையோடு வருவர். இவர் வந்த காரியம் வேறு. வயலை ஈடு வைக்க வேண்டும், அதை எழுதி முடிக்க நல்ல நொத்தாரிசு ஒருவரைக் காட்ட வேண்டும் என்றார். என்ன தேவைக்கு என்று கேட்டோம். சற்றுநேரம் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"தம்பி, பெடியன் விளையாடித்தான் தோத்தவன். களவெடுக்கேல்லை, குடிக்கேல்லை. வாக்குக் குடுத்திட்டான். குடுக்கத்தானே வேணும்."

விளையாட்டு என்று அவர் சொன்னது கரம். மேலைநாடுகளில் பில்லியாட்ஸ் என்றும் ஸ்நூக்கர் என்றும் பூல் என்றும் பச்சைத்துணி விரித்த மேசையிலே, நீண்ட கோல்கொண்டு ஆடப்படும் ஆட்டத்துக்கு எம்மவரின் வீடுகளில் வாழும் ஏழைத் தங்கை அது. அங்கே ஆறு குழி, இங்கே நாலு குழி. அங்கே பந்து, இங்கே காய். அங்கே கோல், இங்கே விரல் நுனி. கோணத்தைக் கணித்து, வேகத்தை அளந்து, அடுத்த அடிக்கு இடம் வைத்து ஆடும் வித்தை இரண்டுக்கும் ஒன்றே. வீதியோரக் கடையொன்றின் பின்புறத்தில், ஒற்றை மின்குமிழின் கீழ், மாப்பவுடர் தூவிய பலகையிலே இந்த மகன் மூன்று மாதங்களில் ஓர் இலட்சத்து எண்பதாயிரம் ரூபாவுக்குக் கடனாளியாகியிருந்தான். எதிரே இருந்து ஆடியவன் ஊரவன் அல்லன். மீன் ஏற்ற வரும் லொறியோடு வந்து போகிறவன்.

பெயரை வெளியிடாது இதனை எழுத அந்தப் பெரியவர் எமக்கு இசைவு தந்திருக்கிறார். அவருக்கு நாம் முதலிற் சொன்னது சட்டம். இந்நாட்டில் நிலவும் உரோமன் டச்சுச் சட்டப்படி, பந்தயத்தில் தோற்ற பணத்தைக் கேட்டு எவனும் நீதிமன்றின் படியேற முடியாது. வென்றவன் வழக்கு வைத்தால் வழக்குத் தள்ளுபடியாகும். தந்தையோ அந்தக் கடனுக்குச் சம்பந்தமே இல்லாதவர். காணியைப் பொறுத்தவரை, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் காவல் நிற்கிறது. நொத்தாரிசும் இரு சாட்சிகளும் இன்றி எழுதப்படும் ஈடோ அறுதியோ செல்லாது. கரம் பலகையருகே கையடித்துக் கொடுத்த வாக்கினால் ஒரு பரப்பு நிலமும் கைமாறாது.

ஆனால் சட்டத்தை அறிந்தவன் எதிரியும்தான். ஆகவேதான் அவன் பந்தயக் கடனைப் பந்தயக் கடனாக வைத்திருப்பதில்லை. "கைமாற்றாக வாங்கினேன்" என்று ஒரு புரோநோட்டு எழுதுவிக்கிறான். அல்லது ஈடாக எழுதித் தா என்கிறான். எழுதி ஒப்பமிட்டுவிட்டால், அது சூதிற் பிறந்த கடன் என்று நிறுவும் பாரம் எம் தலையில் விழுகிறது. சாட்சி சொல்ல எவர் வருவர்? பலகையைச் சுற்றி நின்றவர்கள் தாமும் பணயம் வைத்தவர்களல்லவா? நொத்தாரிசுகளாகக் கடமையாற்றும் நண்பர்களுக்கு இவ்விடத்தில் ஒரு வார்த்தை: பணம் உமது முன்னிலையில் கைமாறியதா இல்லையா என்பதை அத்தாட்சி வாசகத்தில் எழுதச் சட்டம் உம்மைப் பணித்திருக்கிறது. அந்த வரியை அச்சடித்த படிவம்போல் எண்ணி நிரப்பாதீர்.

பெரியவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மகனை மறுநாள் அனுப்புவதாகச் சொல்லி எழுந்தார்.

மகன் வந்தான். இருபத்து மூன்று வயது. நாம் எதிர்பார்த்த குனிந்த தலையைக் காணோம், நிமிர்ந்தே இருந்தான். "சேர், இது சூது இல்லை. சூதெண்டால் தாயம் உருட்டுறது, சீட்டிழுக்கிறது. இது கைத்திறமை. நான் அவனைவிட நல்லா அடிப்பன்" என்றான். கைப்பேசியை எடுத்து, பிலிப்பைன்ஸ் நாட்டு எஃப்ரன் ரேயஸ் பூல் ஆடும் காட்சியொன்றையும் காட்டினான். கனடாவிலிருக்கும் மைத்துனன் அனுப்பியதாம்.

இந்த வாதத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். இது கடைக்குப் பின்னால் நிற்கும் இளைஞனின் வாதம் மட்டுமன்று. உச்ச நீதிமன்றங்கள் ஏற்ற வாதம். சூது வாணிபமே ஆகாது என்று 1957இல் உரைத்த இந்திய உச்ச நீதிமன்றம், அதே வேளையில் திறமை மேலோங்கிய ஆட்டத்தைச் சூதினின்றும் பிரித்து வைத்தது. பத்தாண்டு கழித்து றம்மிச் சீட்டாட்டம் பெரும்பாலும் திறமையாட்டமே என்றது. 1996இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கிலே, குதிரைப் பந்தயத்தையும் அவ்வரிசையிற் சேர்த்தது. இணையவழிச் சீட்டாட்டத்தால் குடும்பங்கள் அழிகின்றன என்று கண்டு தமிழ்நாடு அரசு தடைச்சட்டம் கொண்டுவர, 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை வீழ்த்தியது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையின் பின் 2022இல் மறுபடி ஒரு சட்டம். 2023இல் அதே நீதிமன்றம் அச்சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றும், றம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலினின்றும் நீக்கிற்று. ஈற்றில் 2025இல் இந்தியப் பாராளுமன்றம், இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டம் திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் கூடாது என்று ஒரே கோடாகக் கிழித்துவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டவல்லுநர் கட்டிக் காத்த மதிலைச் சட்டமன்றம் ஒரு வாரத்தில் தாண்டிச் சென்றது ஏன்?

அந்த மதில் தவறான இடத்தில் கட்டப்பட்டது என்பதே எமது கருத்து. ஆட்டத்திலே திறமை உண்டு. அதனை எவரும் மறுக்கவில்லை. ஆனால் ஆட்டம் வேறு, பணயம் வேறு. இதனை அந்த இளைஞனுக்கு எடுத்துரைத்தவாறே இங்கும் எழுதுகிறோம்.

பத்துக்கு ஒன்பது தடவை நீ வெல்வாய் என்று தெரிந்தால் உன்னோடு எவன் காசு வைத்து ஆடுவான்? ஒருவனும் ஆடான். ஆகவே பணயம் பிறக்க வேண்டுமாயின், முதலில் உன் திறமையை நீயே விட்டுக்கொடுக்க வேண்டும். "உனக்கு ஐந்து புள்ளி முன்னுக்கு", "சிவப்புக் காய் உனக்கு இல்லாமலே கணக்கு" என்று பேரம் நடக்கிறது. பூல் ஆட்டக்காரரிடையிலும் இதே வழக்கம். வல்லவன் மெலியவனுக்கு ஒன்றிரண்டு ஆட்டங்களை முன்கூட்டியே தந்துவிட்டுத் தொடங்குவான். அந்தப் பேரம் முடியும் இடம் எது? இருவருக்கும் வாய்ப்புச் சமம் என்று இருவரும் நம்பும் இடம். அதாவது, பத்தாண்டு பழகிய கைத்திறனைப் பேரத்திலே கழித்துவிட்டு, எஞ்சிய தாயக்கட்டைக்கே இருவரும் பணம் வைக்கின்றனர். பேரத்தில் ஏமாந்தவன் தோற்பான். ஆகவே உண்மையான போட்டி பலகையில் அன்று, பேரத்திலேதான். அங்கே வெல்பவன் நன்றாக அடிப்பவன் அல்லன். தன் கையை நன்றாக ஒளிப்பவன். லொறியோடு வந்தவன் முதல் மூன்று வாரமும் தோற்றுக் காட்டினான் என்று இளைஞனே ஒப்புக்கொண்டான்.

இது முதற் காரணம். இரண்டாவது, மடியின் கனம். கணித அறிஞர் பதினேழாம் நூற்றாண்டிலேயே கண்ட உண்மை இது. உன்னிடம் ஆயிரம் ரூபா, எதிரியிடம் ஒன்பதாயிரம். ஒரு தட்டுக்கு நூறு ரூபா. திறமை இருவருக்கும் சமம். ஒருவர் கை வெறுமையாகும்வரை ஆடுகிறீர்கள். நீ அவனை வெறுங்கையாக்கும் வாய்ப்புப் பத்தில் ஒன்று. அவன் உன்னை வெறுங்கையாக்கும் வாய்ப்புப் பத்தில் ஒன்பது. களவு இல்லை, கபடம் இல்லை. மடி மெலிந்தவன் அழிகிறான், அவ்வளவே. நீ அவனிலும் வல்லவன், நூறு தட்டில் ஐம்பத்திரண்டை வெல்பவன் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நீ முற்றாக அழியும் வாய்ப்பு நூற்றுக்கு 45. இளைஞன் எம் மேசையிலிருந்த தாளை எடுத்துத் தானே கணக்குப் போட்டுப் பார்த்தான். படிப்பிற் குறைந்தவன் அல்லன். உயர்தரத்தில் கணிதம் கற்றவன். வேலை கிடைக்கவில்லை.

தோற்றதை ஒரே தட்டில் மீட்க இரட்டிக்கும் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். நூறில் தொடங்கிப் பத்துத் தட்டுத் தொடர்ந்து தோற்றவன் 102,300 ரூபா இழந்திருப்பான். பதினோராவது தட்டுக்கு அவன் வைக்க வேண்டியது 102,400. அத்தனையும் எதற்காக? முதலில் வைத்த நூறு ரூபாவை வெல்வதற்காக.

பணயத்தில் இன்பம் இல்லை என்று நாம் சொன்னால் அது பொய். சட்டக் கல்லூரி நாட்களில் நாமும் ஸ்நூக்கர் மேசையருகே நின்றதுண்டு; தோற்றவன் தேநீர் வாங்க வேண்டும் என்ற அளவில் ஆடியதுண்டு; பல தேநீர் வாங்கியும் கொடுத்திருக்கிறோம். பணயம் கையை உறுதியாக்குகிறது, கவனத்தைக் கூர்மையாக்குகிறது என்று ஆட்டக்காரர் சொல்வதில் உண்மை உண்டு. எஃப்ரன் ரேயஸ் பொய்யான உதாரணமும் அல்லர். மணிலாவிலே மாமனின் பூல் கூடத்தில், சிறுவனாக மேசைமீதே உறங்கி வளர்ந்தவர். பணயம் வைத்து ஆடியே கலையைக் கற்றவர். 1985இல் அமெரிக்கா சென்றபோது, தம் புகழ் முன்னே சென்றுவிடக் கூடாதென்று சீசர் மொராலெஸ் என்ற வேற்றுப் பெயரிலே ஆடினார். 1999இல் உலக வாகையரானார். ஆனால் அந்த வேற்றுப் பெயரைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். உலகின் தலைசிறந்த கையை உடையவனுக்கும் அந்தக் கை ஒளிந்திருக்கும்வரைதான் பணயத்தில் வருவாய். பெயர் வெளிப்பட்டபின் அவரை வாழவைத்தது பரிசுப் பணம்.

அமெரிக்காவிலேயே இலினோய் மாநிலத்து ஜோன்ஸ்டன் சிற்றி என்ற சிற்றூரில், 1961 முதல் ஆண்டுதோறும் பூல் பணயக்காரரின் பெருங்கூட்டம் ஒன்று நடந்து வந்தது. பகலில் போட்டி, இரவில் பணயம். 1972இல் மத்திய அரசின் அதிகாரிகள் புகுந்து கைதுசெய்ய, அந்தக் கூட்டம் அத்தோடு முடிந்தது. அங்கே கூடிய வல்லவர்களிற் சிலரின் பெயரே இன்று நிலைக்கிறது. அவர்களிடம் தோற்று வீடு திரும்பியவர்களுக்கு வரலாறு இல்லை. அந்த மைத்துனன் அவர்களின் காட்சியை அனுப்பவில்லை. அனுப்புதற்கு ஒன்றும் இல்லை.

மன்னாரிலே நின்றுகொண்டு இத்தனை தூரம் போவானேன்? திறமையும் அதிர்ஷ்டமும் கலந்த பெரும் பணயம் ஒன்று எமது கடலிலேயே ஆடப்பட்டது. மறிச்சுக்கட்டியிலும் சிலாவத்துறையிலும் முத்துக்குளிப்பு நடந்த நாளில், சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டனர். உள்ளே முத்துண்டோ இல்லையோ, வாங்கியவன் பாடு. பெருவணிகன் ஆயிரக்கணக்கில் வாங்கினான். ஏழை கரையிலே ஒன்றிரண்டு வாங்கி உடைத்துப் பார்த்தான். ஏலத்துக்கு முன்பு மாதிரிச் சிப்பிகளை எடுத்து, கழுவி, முத்தை மதிப்பிட்டு அறிவிக்கும் வழக்கமும் இருந்தது. ஆகவே அங்கும் அறிவுக்கு இடமிருந்தது. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா கிடைத்தது. அந்தக் கொழுத்த ஆண்டைக் கண்டு மயங்கிய வெள்ளைக்காரர் கம்பெனியொன்று, 1906 முதல் இருபது ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 310,000 ரூபா வாடகையில் முத்துப் படுகைகளைக் குத்தகைக்கு எடுத்தது. பேராசிரியர் ஹேர்ட்மன் இக்கடலை ஆராய்ந்து எழுதிய நூல்கள் அவர்களிடம் இருந்தன. ஹோர்னெல் போன்ற கடலியல் அறிஞரின் துணை இருந்தது. மடியிலே கனமும் இருந்தது. 1907க்குப் பின் சிப்பி மறைந்தது, வாடகை மறையவில்லை. கம்பெனி கலைந்தது. அடுத்த முத்துக்குளிப்பைக் காண 1925வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இங்கே சட்டம் கற்றவன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது வரையறுத்த பொறுப்புடைய கம்பெனி. பங்குதாரர் இழந்தது தாம் இட்ட பங்கை மட்டுமே; இலண்டனில் எவருடைய வீடும் ஏலத்துக்கு வரவில்லை. பாப்பாமோட்டைக் கமக்காரனின் மகனுக்கு அப்படியொரு வரையறை இல்லை. அவன் தோற்றால் முதலிற் போவது தங்கையின் சங்கிலி, பின்பு நீரிறைக்கும் இயந்திரம், பின்பு தகப்பனின் வயல். வள்ளுவர் சூதுக்கென ஒதுக்கிய 94ஆம் அதிகாரத்தைத் தொடங்கும்போது தோல்வியைச் சொல்லி அச்சுறுத்தவில்லை. வெற்றியையே தூண்டிலின் இரைக்கு ஒப்பிட்டார். தூண்டில் எறிந்து பழகிய ஊருக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

"விவசாயமும் சூதுதானே? கட்டுக்கரைக் குளம் நிரம்புமோ நிரம்பாதோ என்று தெரியாமலல்லவா விதைக்கிறோம்?" என்று எமது கூட்டமொன்றில் ஒரு கமக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நல்ல மழை பெய்தால் வேலிக்கு இப்பாலும் நெல் விளையும், அப்பாலும் விளையும். கரம் பலகையில் ஒருவன் மடி நிரம்ப மற்றவன் மடி அவிழ வேண்டும்.

இனி, அரசாங்கத்தின் நீதியைப் பார்ப்போம். 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் வீதியோரத்திலும் பொது இடத்திலும் பணயம் வைத்து ஆடுவதைக் குற்றமாக்கிற்று; சேவற் சண்டையைப் பணயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றமாக்கிற்று. அச்சட்டத்தின் கீழ் மரநிழலில் பிடிபட்டு எம்மைத் தேடி வந்தோர் எல்லோரும் கூலிகள், மீனவர், வேலையற்ற இளைஞர். அதே அரசாங்கம் 1963இல் தேசிய லொத்தர் சபையை அமைத்துத் தானே சீட்டு விற்கத் தொடங்கிற்று. 2010இல் கசினோத் தொழிலுக்குத் தனிச் சட்டம் இயற்றிற்று. 2025இல் கொழும்பிலே வானளாவும் கட்டடமொன்றில் கசினோ திறக்கப்பட்டது. அதே ஆண்டில் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டத்தையும் பாராளுமன்றம் நிறைவேற்றியது. ஒழுங்குபடுத்துவது தீதென்று நாம் கூறவில்லை. இணையவழிச் சூதுக்கு ஒரு கடிவாளம் வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் லொத்தர்ச் சீட்டு விற்பவன் பாப்பாமோட்டைவரை வருகிறான், தொழிற்சாலை வரவில்லை. கணிதம் கற்ற இளைஞனுக்கு இந்த அரசு நீட்டியது அதிர்ஷ்டச் சீட்டு ஒன்றையே. அவன் அதைத் தள்ளிவிட்டுத் தன் கையை நம்பினான் என்பதையும் அவன் பக்கத்து நியாயமாக எழுதி வைக்கிறோம்.

அந்தக் கைக்கு வேறு வழி உண்டா? உண்டு. இலங்கைக்கு முதல் உலக வாகையைத் தேடித் தந்தது கிரிக்கெட் அன்று, பில்லியாட்ஸ். 1973இல் பம்பாயிலே லாஃபீர் உலக அமெச்சூர்ப் பட்டத்தை வென்றார். கரத்திலே 2012இல் எமது நாட்டவரான நிஷாந்த பெர்னாண்டோ உலக வாகையரானார். சென்னையின் மரிய இருதயம் இரு தடவை உலகப் பட்டம் வென்று, 1996இல் இந்திய அரசின் அர்ஜுனா விருதைப் பெற்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த கரம் உலகக் கிண்ணத்திலே, சென்னையில் ஓட்டோ ஓட்டுபவர் ஒருவரின் மகள் காசிமா மூன்று தங்கம் வென்றார். தமிழ்நாடு அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் வழங்கிற்று. எல்லோரும் காசிமா ஆகார். ஆனால் தோற்றவர்கள் எவரும் அங்கே வயலை விட்டுவிட்டு வரவில்லை.

மாந்தை மேற்குப் பிரதேச சபையினரிடம் நாம் கேட்பது பெரிய நிதி அன்று. சனசமூக நிலையங்களுக்கு நாலு நல்ல பலகை, மாலையில் மின்விளக்கு, அறுவடைக்குப் பின் ஒரு சுற்றுப்போட்டி. பரிசை ஊர்க் கூட்டுறவுச் சங்கமும் வெளிநாட்டிலுள்ள உறவினரும் தரட்டும். மைத்துனர்கள் காட்சி அனுப்புவதோடு கிண்ணமும் அனுப்பலாம். பொலிசாரைக் கடைக்குப் பின்னால் அனுப்புமாறு நாம் கேட்கப் போவதில்லை. அனுப்பினால் லொறிக்காரன் தப்புவான், பெடியன் அகப்படுவான், அடுத்த வேலை விண்ணப்பத்தில் அந்தத் தண்டனை ஏறி நிற்கும்.

அந்த இளைஞனை நடுவராக இருந்து போட்டியை நடத்தித் தரும்படி கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். லொறிக்காரனுக்கு எமது பெயரில் ஒரு கடிதம் சென்றது, மறுமொழி வரவில்லை. அவன் இப்போது வேறு வீதியால் போவதாகக் கேள்வி.

பெரியவர் உறுதியை ஈடு வைக்கவில்லை. ஆனால் இரண்டு பசுக்களை விற்று, நாற்பதாயிரம் ரூபாவை அந்தக் கடையிலே கொடுத்துச் சென்றாராம். சட்டம் உங்களைக் கேட்கவில்லையே என்று தொலைபேசியிற் சொன்னோம். "தெரியும் தம்பி" என்றார். நெல் விதைத்துவிட்டார், தைக்குப் பின் ஒரு முறை வந்து போகச் சொன்னார்.